கடைசி அத்தியாயத்துக்கு ரப்பர் பேண்ட்

செலியமேட்டிலிருந்து பாகூர் போகும் சாலையில், கனகாம்பாள் டீக்கடையை ஒட்டினாற்போல 'ஆரோக்கிய மாதா புத்தக நிலையம்' இருக்கிறது. பெயர்ப் பலகையில் கீழே 'ஜெராக்ஸ், லேமினேஷன், கைடு, நோட்டு' என்று எழுதியிருக்கும். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது மாதா படம். அதற்கு நேர் கீழே உள்ள அலமாரியில் ரத்தம் சொட்டும் கத்தி, கிணற்றில் மிதக்கும் சேலை, தொங்கும் தூக்குக் கயிற்றின் கீழ் ஒரு நாற்காலி என்று வரிசையாக அட்டைகள். மாதா எத்தனையோ பார்த்தவர். இதையும் பொறுத்துக்கொள்கிறார்.

கடைக்காரர் இன்னாசிமுத்துவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, கரும்பு வெட்டி, மகனைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தார்கள். பிள்ளை நிறையப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த ஆசையை இன்னாசிமுத்து குறைவில்லாமல் நிறைவேற்றினார். இன்றுவரை படித்துக்கொண்டே இருக்கிறார். எதைப் படிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லாமல் போனதற்கு அவரா பொறுப்பு?

முதலில் அவருக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் கேட் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. துப்பறியும் நாவல் படிக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உண்டா என்று ஊரே வாழ்த்தியது. ஒரு மத்தியானம், கதையில் வரும் துப்பறிவாளர் சகதியில் பதிந்த செருப்புத் தடத்தை வைத்தே கொலைகாரனுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு மினி லாரி வந்து ஹாரன் அடித்தது. இன்னாசிமுத்து புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டைத் திறந்துவிட்டார். லாரியில் போனவை கம்பெனியின் தாமிரக் கம்பிச் சுருள்கள்.

விசாரணையில் மேனேஜர் கேட்டார்: "டிரைவர் ஆளு எப்படி இருந்தான்?"

"கவனிக்கல சார். ஆனா செருப்புத் தடம் எதனா கீதான்னு பாத்தா கண்டுபிடிச்சிடலாம்."

அது சிமெண்ட் தரை. அன்றோடு அந்த உத்தியோகம் முடிந்தது.

செட்டில்மெண்ட் பணத்தில் ஆடு வாங்கலாம் என்றாள் மனைவி ஸ்டெல்லா. இன்னாசிமுத்து புத்தகக் கடை வைத்தார். ஸ்டெல்லா மறுபேச்சுப் பேசாமல் தன் செயினை அடகு வைத்து ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷினை வாங்கிக் கடையின் வாசல் பக்கம் போட்டாள். அன்று முதல் அந்தக் குடும்பம் சாப்பிடுவது மக்களின் ஆதார் அட்டையாலும் சாதிச் சான்றிதழாலும்தான். உள்பக்கம் நடக்கும் கொலைகளால் ஒரு வேளைச் சோறும் வந்ததாகத் தகவல் இல்லை.

ஆனாலும் இன்னாசிமுத்துவைப் போல ஒரு புத்தக வியாபாரி கிடைப்பது அரிது. புது மர்ம நாவல் வந்திருக்கிறது என்று சென்னையிலிருந்து போன் வந்தால் போதும். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பார்சல் தவளக்குப்பம் வரை பஸ்ஸில் வரும். மொபெட்டில் போய் எடுத்துக்கொண்டு வருவார். வருவார் என்றால் உடனே வந்துவிட மாட்டார். தவளக்குப்பம் கூட்டுரோட்டில், கடலூர் பஸ்ஸும் லாரியும் காதைக் கிழிக்கிற இடத்தில், மொபெட்டைச் சாய்த்து நிறுத்தி, பார்சலைப் பிரித்து, மேலே உள்ள புத்தகத்தை எடுத்து, சும்மா முதல் பக்கம் மட்டும் பார்ப்போம் என்று நிற்பார். ஸ்டெல்லா போன் செய்யும்போது கதையில் இரண்டு பிணம் விழுந்திருக்கும்.

கடைக்கு வரும் எந்தப் புது நாவலையும் தான் படிக்காமல் விற்க மாட்டார். இதனால் புதுப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு அதில் மோர்க்குழம்புக் கறை, மடித்த மூலை, ஒரு கொசு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். யாராவது குறை சொன்னால் இன்னாசிமுத்து ஆச்சரியப்படுவார்.

"வண்டி வாங்குனா ஓட்டிப் பாத்துதான வாங்குவீங்க? நானு ஓட்டிப் பாத்து குடுக்கறேன்."

காம்பஸ் பாக்ஸ் கேட்டு வரும் பெண்ணிடம், "இத படிச்சிப் பாரும்மா, காம்பஸாலயே ஒரு கொல நடக்குது" என்பார். பத்தாம் வகுப்புக் கணக்கு கைடு கேட்டு வரும் தகப்பனிடம், "கைடும் ஒரு மர்ம நாவல்தாங்க, விடை கடைசிப் பக்கத்துல கீது" என்பார். தகப்பன் கைடையும் வாங்காமல் போய்விடுவார்.

பலராமன் என்று ஒருவர். நெல்லும் கரும்புமாகப் பத்துக் காணி நிலம் வைத்திருப்பவர். எதையும் முழுசாக விசாரிக்காமல் வாங்க மாட்டார், விசாரித்த பிறகும் வாங்க மாட்டார். பட்டா ஜெராக்ஸ் எடுக்க வந்தவரின் கையில் இன்னாசிமுத்து ஒரு நாவலைத் திணித்தார்.

"கொல பண்ணது யாருன்னு சொல்லு, வாங்கிக்கிறேன்" என்றார் பலராமன்.

"அது தெரிஞ்ச அப்பால எதுக்குண்ணா வாங்குவீங்க?"

"அதான் நானும் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பலராமன் புத்தகத்தைத் திருப்பிக் கடைசி நாலு பக்கத்தைப் படித்தார். "அட, தம்பிக்காரனா!" என்றார். புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் பட்டாவோடு போய்விட்டார்.

இன்னாசிமுத்துவின் முகம் செத்துப்போனது. அவரைப் பொறுத்தவரை ஊரில் கோயில் உண்டியலை உடைக்கிறவனுக்குக்கூட மன்னிப்பு உண்டு. முடிவை முதலில் படிக்கிறவனுக்குக் கிடையாது. அன்று மாலையே ஒரு பை நிறைய ரப்பர் பேண்ட் வாங்கிவந்தார். கடையில் இருந்த அத்தனை நாவல்களிலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் சேர்த்துப் பிடித்து இறுக்கமாக ரப்பர் பேண்ட் போட்டார். வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வரிசையாகப் படித்து, அந்த இடம் வந்தால் கழற்றிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் கழற்றினால் பாவம். எந்தக் கட்டளையில் இது வருகிறது என்று ஸ்டெல்லா கேட்டாள். பத்தோடு பதினொன்றாக வைத்துக்கொள் என்றார்.

போன கரும்பு வெட்டு சமயத்தில்தான் 'எட்டாம் மதகு' வந்தது. அட்டையில் ஒரு ஏரி மதகு, அதன் இடுக்கில் ஒரு கை. கற்பனையான ஓர் ஏரிக்கரை ஊரில் வேளாண்மை அதிகாரி ஒருவர் மதகில் செத்துக் கிடக்கிறார். யார் கொன்றது என்பது கதை. இருபது அத்தியாயம். இன்னாசிமுத்து அதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, கண்கள் சிவக்க, டீக்கடைக்கு வந்து நின்றார்.

"யக்கா, இந்த மாதிரி ஒரு கத இது வரிக்கும் வந்ததில்ல" என்றார் கனகாம்பாளிடம்.

"போன மாசமும் இதான் சொன்ன" என்றாள் கனகாம்பாள், பஜ்ஜியைத் திருப்பிப் போட்டபடி.

"அது போன மாசம். இது வேற. மொத அத்தியாயம் மட்டும் படிக்கிறேன், கேளுங்க."

யாரும் கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கரும்பு வெட்டிவிட்டு வந்தவர்கள் களைப்பில் எழுந்து போக முடியாமல் இருந்தார்கள். கம்பெனி வேனிலிருந்து இறங்கியவர்கள் டீ ஆறும்வரை நின்றுதான் ஆக வேண்டும். இன்னாசிமுத்து படித்தார். அதிகாரிக்கு ஒரு குரல், அவர் மனைவிக்கு ஒரு குரல், மதகில் தண்ணீர் விழுவதற்கு ஒரு குரல். கை தெரியும் இடத்தில் அவர் போட்ட சத்தத்தில் ஒருவர் டீயைத் தொடையில் கொட்டிக்கொண்டார்.

மறுநாள் அவர்களே கேட்டார்கள், "இன்னாண்ணா, அப்பால?"

இப்படித்தான் அது பிடித்துக்கொண்டது. தினமும் மாலையில் ஓர் அத்தியாயம். கூட்டம் சாலைவரை நின்றது. கனகாம்பாள் இரண்டாவது வாணலி வைத்தாள். ஒரு பிரதியாவது விற்றதா என்றால், எதற்கு விற்க வேண்டும்? அதுதான் ஓசியில் ஓடுகிறதே. முடிவைக் கண்டுபிடிக்க ஆளுக்கொரு ஆராய்ச்சி. பலராமன்கூட வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தை மாற்றிக்கொண்டு வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தார்.

கதையில் சந்தேகத்துக்குரியவர்கள் மூன்று பேர். அதிகாரியின் மனைவி. உள்ளூர் மருத்துவமனைக் கம்பவுண்டர். உரக்கடை வைத்திருக்கும் சாமிநாதன். இந்த மூன்றாவது ஆள் யூரியாவில் சுண்ணாம்பு கலந்து விற்று அதிகாரியிடம் மாட்டிக்கொண்டவன்.

எங்கள் பக்கத்திலும் ஒரு சாமிநாதன் இருக்கிறார். அவரும் உரக்கடைதான் வைத்திருக்கிறார். நாவலாசிரியருக்கு இவரைத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இவர் சுண்ணாம்பு கலக்கிறார் என்பதற்கும் இதுவரை ஆதாரம் கிடையாது. ஆனால் ஊர் ஆதாரம் கேட்டு எப்போது பேசியிருக்கிறது? எட்டாவது அத்தியாயம் படித்த மறுநாள், உரக்கடைக்கு வந்தவர்கள் மூட்டையைப் பிரித்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்கள். பன்னிரண்டாவது அத்தியாயத்தில், சம்பவ இடத்தில் சாமிநாதனின் டார்ச் லைட் கிடைத்தது. அந்தப் பகுதியை யாரோ செல்போனில் பதிவு செய்து 'செலியமேடு சொந்தங்கள்' வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். சொந்தங்களில் சாமிநாதனும் ஒருவர்.

பத்தொன்பதாவது அத்தியாயம் முடிந்தது. இன்னாசிமுத்து புத்தகத்தை மூடினார்.

"அவ்ளோதான். இருபதாவது அத்தியாயத்த யாருக்கும் படிச்சிக் காட்ட மாட்டேன். அத தனியா ஒக்காந்து அவுங்கவுங்க படிக்கணும். அதான் அதுக்கு மரியாத."

பெரிய ரகளை நடந்தது. கெஞ்சினார்கள், திட்டினார்கள். ஒருவர் மொபெட் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். இன்னாசிமுத்து அசையவில்லை. வியாபாரத் தந்திரம் என்று சிலர் நினைத்தார்கள். அவ்வளவு சாமர்த்தியம் அவருக்கு இருந்திருந்தால் ஸ்டெல்லாவின் செயின் எப்போதோ திரும்பியிருக்கும்.

முடிவு தெரியாத ஊர் முடிவைத் தானே செய்துகொண்டது. கிடைத்த டார்ச் லைட் யாருடையது? அப்புறம் என்ன சந்தேகம்? சாமிநாதன்தான். சாமிநாதன் பைக்கில் போனால் டீக்கடையில், "தோ, கொலகாரன் போறாரு" என்றார்கள். அவருடைய மருமகன் வீட்டிலிருந்து போன் செய்து, "மாமா, எதனா பிரச்னையா?" என்று விசாரித்தார். அதுதான் சாமிநாதனுக்குத் தாங்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் புகழ்வேந்தன் வாழ்நாளில் ஒரு நாவலும் படித்ததில்லை. அதைக் கேட்காமலேயே எல்லாரிடமும் சொல்வார். புதுச்சேரிப் போலீசுக்கே உரிய சிவப்புத் தொப்பி போட்ட கான்ஸ்டபிள் ஒருவர் வந்து இன்னாசிமுத்துவை அழைத்துக்கொண்டு போனார். டீக்கடை மொத்தமும் எழுந்து நின்று வழியனுப்பியது.

"புக்குல சாமிநாதன்னு ஒரு ஆளு வர்றானா?" என்றார் புகழ்வேந்தன், எதிர் நாற்காலியில் இருந்த சாமிநாதனைக் காட்டி.

"வர்றாரு சார். அருமையான பாத்திரம்."

"கொல பண்ணது அவனா, இல்லியா? அவன்தான்னா இவுரு பேரு கெட்டுதுன்னு எழுதிக்கிறேன். இல்லன்னா ரெண்டு பேரும் சமாதானமா வூட்டுக்குப் போங்க. ஒரே வார்த்த. ஆமாவா, இல்லியா?"

இன்னாசிமுத்து கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அத மட்டும் கேக்காதீங்க சார்."

"ஏன்?"

"நீங்க இன்னும் படிக்கல."

சிவப்புத் தொப்பிக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தொப்பி மட்டும் குலுங்கியது.

"யோவ், இது போலீஸ் ஸ்டேஷன்யா."

"தெரியும் சார். நாளைக்கு இந்தப் புக்கு ஒங்க கைல கெடச்சி, நீங்க ஆசயா படிக்கறப்ப, 'இந்த இன்னாசி அன்னிக்கே சொல்லிக் கெடுத்துட்டானே'ன்னு நீங்க வருத்தப்படக் கூடாது."

"நான் படிக்க மாட்டேன்."

"எல்லாரும் மொதல்ல அப்டித்தான் சார் சொல்றாங்க."

உலகத்தில் எத்தனையோ பேர் நாட்டுக்காக, கட்சிக்காக, நண்பனுக்காகப் போலீசிடம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். அச்சடித்துக் கடையில் விற்கிற ஒரு ரகசியத்துக்காக வாய் திறக்காமல் நின்றவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். இதில் பயம் இல்லாமலும் இல்லை. உள்ளங்கை வேர்த்து வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கடையை மூடச் சொல்லிவிடுவார்களோ என்ற நினைப்பு வேறு. ஆனால் வாயைத் திறந்தால் அந்த நாவலுக்குத் துரோகம். அதை அவரால் செய்ய முடியவில்லை.

புகழ்வேந்தன் கடைசியில் சொன்னார், "சரி, முடிவு வேணாம். கத இன்னான்னாவது சொல்லித் தொல."

இப்படி ஒரு கேள்விக்காக இன்னாசிமுத்து பிறந்ததிலிருந்து காத்திருந்தார். வேர்வை எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மதகிலிருந்து ஆரம்பித்தார். குரல்களோடு சொன்னார். மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட் பிணமாயிற்று, லத்தி மதகுப் பலகையாயிற்று. வேறு புகாரோடு வந்த இரண்டு பேர் தங்கள் புகாரை மறந்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் உரக்கடைச் சாமிநாதன் இருட்டில் ஏரிக்கரை ஓரமாக நடந்து போகும் இடம் வந்தபோது, புகார் கொடுத்த சாமிநாதன் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"அப்பால நானு இன்னா பண்ணேன்?" என்றார்.

"டார்ச் லைட்ட கீழ போட்டுட்டீங்க" என்றார் இன்னாசிமுத்து.

"ஐயையோ!"

அந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா வந்தாள். ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் 'எட்டாம் மதகு'. ஸ்டேஷன் வாசல்வரை கூடவே வந்திருந்த பலராமன், என்ன நடக்கிறது என்று அவளுக்குப் போனில் சொல்லிவிட்டார். அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

"சார், இவுரு உள்ள போனாலும் போவாரே தவிர வாயத் தொறக்க மாட்டாரு. கொல பண்ணது யாருன்னு தெரியணும், அவ்ளோதான? நான் படிக்கிறேன்." சொல்லிக்கொண்டே டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, ரப்பர் பேண்டை இழுத்துக் கழற்றினாள்.

"ஸ்டெல்லா! வேணாம்!" இன்னாசிமுத்து கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் மனைவியிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

ஸ்டெல்லா அவரைப் பொருட்படுத்தவில்லை. கடைசிக்கு முந்தின பக்கத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்து, மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"மூடும்மா அத!"

இந்தத் தடவை கத்தியவர் புகழ்வேந்தன். மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தே விட்டார். ஸ்டேஷன் அப்படியே நின்றது. அவருக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்திருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விசாரணைன்னா ஒரு மொற கீது. நடுவுல பூந்து முடிவ படிக்கறது சட்டப்படி தப்பு" என்றார். எந்தச் சட்டம் என்று யாரும் கேட்கவில்லை. "புக்க வெச்சிட்டுப் போங்க. இது சாட்சிப் பொருளு. நான் மொதல்லேர்ந்து பாத்துட்டுக் கூப்புடறேன்."

இன்னாசிமுத்து கீழே விழுந்த ரப்பர் பேண்டைக் குனிந்து எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

வீடு திரும்பும் வழியில் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா டிபன் கேரியரை மடியில் மாற்றி வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "எங்கிட்டயுமா சொல்ல மாட்ட?"

"சொன்னா நீ படிக்க மாட்ட."

"சொல்லலன்னாலும் படிக்க மாட்டேன்."

இன்னாசிமுத்து யோசித்தார். "அது வேற" என்றார்.

"ஆமா, வேறதான். நாளைக்கு போலீசு வந்து கடைய மூடுன்னு சொன்னாக்கூட அது வேறதான்."  அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு தட்டில் வந்தது, பேச்சு வரவில்லை.

வழக்கு நிலுவையில் இருந்த நாட்கள் இன்னாசிமுத்துவின் வாழ்க்கையில் பொற்காலம் என்று சொல்ல வேண்டும். போலீஸே படிக்கிற புத்தகம் என்று பேச்சு பரவி, வில்லியனூரிலிருந்துகூட ஆள் வந்து கேட்டார்கள். கடையில் இருந்த பிரதிகள் காலி. சென்னைக்குப் போன் போட்டால், "உங்க ஊர்ல எதுவும் பரிசு கிரிசு குடுக்குறாங்களா?" என்று கேட்டார்கள். எதையும் வாங்காத பலராமன் ஒரு பிரதி வாங்கினார். கடை வாசலிலேயே நின்று ரப்பர் பேண்டைப் பிடித்து இழுக்கப் போனவர், இன்னாசிமுத்துவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வூட்டுல போயி படிச்சிக்கிறேன்பா" என்று பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்டேஷன் பக்கம் போகும்போதெல்லாம் இன்னாசிமுத்து எட்டிப் பார்ப்பார்.

"எத்தினாவது அத்தியாயம் சார்?"

"ஒம்போது. பேசாத, போ."

ஒரு நாள் புகழ்வேந்தனே போன் செய்தார். வழக்கு விஷயமாகக் கூப்பிடுகிறார் என்று இன்னாசிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டே போனை எடுத்தார்.

"யோவ், அந்த அதிகாரி பொண்டாட்டி ஏன்யா செருப்பு மாத்துனா?"

"படிங்க சார்."

"இல்ல, அவ மேல எனக்கு டவுட்டு. இருபது வருச சர்வீஸுய்யா. முழிய பாத்தா சொல்லிடுவேன்."

"புக்குல எப்டி சார் முழிய பாத்தீங்க?"

போன் வைக்கப்பட்டது.

கடைசியில் ஒரு காலையில் எல்லாரையும் வரச்சொன்னார். சாமிநாதன் அதே வெள்ளைச் சட்டையில் வந்தார், கூடவே மருமகன். இன்னாசிமுத்துவோடு ஸ்டெல்லா. தொடர்பே இல்லாமல் பலராமனும் டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேரும். புகழ்வேந்தனின் கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. புத்தகத்தை மேசை மேல் வைத்தார்.

"கொல பண்ணது கம்பவுண்டர்" என்றார்.

இன்னாசிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். படிக்காதவர்கள் ஏழெட்டுப் பேர் முன்னால் இப்படிப் பட்டென்று உடைப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. பலராமன் மட்டும், "அது எனக்கு அன்னிக்கே வூட்டுல தெரிஞ்சிடுச்சி" என்றார்.

"நான் இல்லியா?" என்றார் சாமிநாதன்.

"நீங்க இல்ல. போங்க, சந்தோசமா போங்க."

"அப்பால கடசில நானு இன்னா ஆனேன்? அந்த டார்ச் லைட்டு?"

புகழ்வேந்தன் பக்கங்களைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். "அதப் பத்தி ஒண்ணும் போடல. கடசி அத்தியாயத்துல ஒங்க பேரே இல்ல."

சாமிநாதன் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். வெற்றி பெற்றவரின் முகம் அப்படி இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

"இன்னா சார் இது அநியாயம்? ஊரு பூரா என்ன கொலகாரன்னாங்க. மருமவன் போன் பண்ணி கேட்டாரு. இவ்ளோ நடந்து கடசில ஒரு வரி கூட இல்லியா? பொழச்சானா செத்தானான்னு கூட போடலியா? அப்பால எதுக்குய்யா என்ன அந்த ஏரிக்கரையில நடக்க வுட்டான்?"

இப்போது அவருடைய புகார் நாவலாசிரியர் மேல் திரும்பிவிட்டது. அதை எந்தப் பிரிவில் எழுதுவது என்று புகழ்வேந்தனுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் இன்னாசிமுத்து முன்னால் வந்தார். சமாதானத்துக்காகப் பொய் சொல்லத் தெரியாத ஆள் அவர். நாவல் விஷயத்தில் நிச்சயம் தெரியாது.

"அண்ணா, நான் சொல்றத கேளுங்க. அந்தக் கம்பவுண்டர் கொல பண்ணான், சரி. ஆனா பத்தொம்போது அத்தியாயத்துக்கு அவன யாரு கவனிச்சா? யாரும் கவனிக்கல. ஏன்? எல்லாரும் ஒங்களயே பாத்துனு இருந்தாங்க. நீங்க மட்டும் இல்லன்னா மூணாவது அத்தியாயத்துலயே அவன் மாட்டியிருப்பான். இந்தப் புக்கே முப்பது பக்கத்துல முடிஞ்சிருக்கும். கொலகாரன் கடசியில ஒரு அத்தியாயம்தான் வர்றான். மொத்தக் கதையும் நின்னது ஒங்க மேலதான்."

சாமிநாதன் மருமகனைப் பார்த்தார். மருமகன் மரியாதையாகத் தலையசைத்தார்.

"அப்டியா சொல்ற?" என்றார் சாமிநாதன். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். புகார் வாபஸ் ஆனது. போகும்போது ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொன்னார். இன்றும் அது உரக்கடைக் கல்லாப் பக்கத்தில் இருக்கிறது. மூட்டை வாங்க வருகிறவர்களிடம், "நம்ப பேருல ஒரு முக்கியமான ஆளு வருவாரு, பாருங்க" என்று காட்டுவார். சுண்ணாம்பு வரும் பக்கங்கள் மட்டும் ஒன்றோடொன்று எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

புகழ்வேந்தனுக்கும் இன்னாசிமுத்துவுக்கும் நடக்கிற தகராறுதான் இன்னும் தீரவில்லை. "இருபது வருச சர்வீஸு எனக்கு. எனக்கே அந்தக் கம்பவுண்டர் மேல சந்தேகம் வரலன்னா அது தப்பான கதய்யா" என்பார் அவர். "அதனாலதான் சார் அது நல்ல கத" என்பார் இவர். இருவரும் டீ ஆறும்வரை இதையே பேசுவார்கள். நாவல் படிக்காதவர் என்ற பெருமையைப் புகழ்வேந்தன் யாரிடமும் இப்போது சொல்வதில்லை. மாதம் ஒரு தடவை பார்சல் வந்துவிட்டதா என்று கேட்டுப் போன் செய்கிறார்.

ஸ்டெல்லா பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள். ஒரு மத்தியானம் கரண்ட் இல்லை. ஜெராக்ஸ் மெஷின் நின்றுவிட்டது. செய்ய வேலையில்லாமல், புதிதாக வந்த நாவல் ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டிருந்தவள், கை வலித்ததும் விரித்துப் படிக்க ஆரம்பித்தாள். இன்னாசிமுத்து பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

ஐம்பது பக்கம் போயிருக்கும். ஸ்டெல்லா தலையைத் தூக்கினாள்.

"போட்டோ ஸ்டுடியோக்காரன்தான?"

இன்னாசிமுத்து குனிந்து அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அந்த நாவலில் முந்நூற்று நாற்பதாவது பக்கம்வரை அவருக்கே அது தெரியவில்லை. "ரப்பர் பேண்ட கழட்டுனியா?" என்றார்.

"தோ, அப்டியேதான் கீது, பாரு."

"அப்பால எப்டி?"

"எல்லாரும் ஆளாளுக்கு சண்ட போட்டுனு இருக்காங்க. அவன் ஒருத்தன்தான் எல்லார்கிட்டயும் மரியாதயா பேசறான். எவன் அப்டி பேசுவான்?"

இன்னாசிமுத்து எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றார். பாகூர் ஏரிப் பக்கமிருந்து வந்த கரும்பு டிராக்டர் ஒன்று போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருட வாசகரை ஐம்பது பக்கத்தில் ஒருத்தி முடித்துவிட்டாள் என்றால் யாருக்குத்தான் வலிக்காது? பிறகு உள்ளே வந்தார். பார்சலின் அடியில் கையை விட்டு, தான் இன்னும் பிரிக்காத புத்தகம் ஒன்றை எடுத்தார். தான் படிக்காத ஒரு நாவலை அவர் அடுத்தவர் கையில் கொடுத்தது அன்றுதான்.

"இது எனக்கே தெரியாது. படிச்சிப் பாரு" என்றார்.

ஸ்டெல்லா அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. கிராஃப் ஷீட் கேட்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். இன்னாசிமுத்து உதட்டில் விரலை வைத்து, அவளை அப்படியே நிற்கச் சொன்னார்.